மாருதி 800-இன் முன்பக்க வேலை: நாமே செய்யலாமா?

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் 15 ஆண்டு தாண்டிய வண்டியை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரே புகார்: வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’. பட்டறைக்குப் போனால், “சஸ்பென்ஷன் முழுசா மாத்திடலாம் சார்” என்பார்கள். முழுசாக மாற்ற வேண்டுமா என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்குச் செலவு இல்லை.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வையுங்கள். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிறவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.) சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். லூஸ் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் என்று சந்தேகப்படலாம். இடமும் வலமும் ஆடினால் டை ராடு எண்டைப் பாருங்கள். ஸ்ட்ரட் மீது எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் ஷாக் முடிந்தது.

எல்லோரும் கோட்டை விடும் இடம் ஸ்டெபிலைசர் பார். 800-இல் லோயர் ஆர்ம் குறுக்கே போகும் ஒற்றைத் துண்டுதான்; அது முன்னே பின்னே நகராமல் பிடித்திருப்பதே இந்த பார். அதன் முனை ஆர்முக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் புஷ், வாஷர், வெளியே ஒரு நட்டு என்று நிற்கும். ரப்பர் நைந்தால், பிரேக் அடிக்கும்போது சக்கரமே பின்னுக்கு நகர்ந்து தட்டும். ஓட்டுகிறவருக்கு அது ஷாக் சத்தம் போலவே கேட்கும். நல்ல ஷாக்கைக் கழற்றி எறிந்தபின்னும் சத்தம் போகாமல் திரும்பி வருகிற வண்டிகள் இந்த ரகம்.

இந்த புஷ்ஷைத் தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கூடவே லோயர் ஆர்மின் உள்முனை புஷ்ஷையும் மாற்றினால் ஒன்றை மறக்கக் கூடாது: போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். அவசரப் பட்டறைகளில் இதைப் பார்ப்பது அபூர்வம். நாமே செய்வதில் உண்மையான லாபம் இதுதான்.

ஸ்ட்ரட் கதை வேறு. அதில் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும். கம்ப்ரெஸர் போட்டுச் சுருக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால் கை, முகம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. மலிவாகக் கிடைக்கும் இரட்டைக் கொக்கிக் கம்ப்ரெஸரில் ஒரு கொக்கி வழுக்கினாலும் அதே கதிதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நடுவழி ஒன்று உண்டு: ஸ்ட்ரட்டை முழுதாக நீங்களே கழற்றுங்கள். பிரேக் ஹோஸை விடுவித்து, நக்கிளில் உள்ள இரண்டு போல்ட்டையும், பானட்டுக்குள் ஓரத்து நட்டுகளையும் எடுத்தால் கையோடு வரும். நடு நட்டைத் தொடாதீர்கள். நக்கிள் வெளியே சாய்ந்து டிரைவ் ஷாப்டை இழுக்காதபடி ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுங்கள்.

ஸ்ட்ரட் மேலே பொருந்தும் தகட்டில் துரு ஓட்டை விழுந்திருந்தால் (கடலோர ஊர்களில் இது சகஜம்) உதிரிபாகம் வாங்காதீர்கள். முதலில் டிங்கர் பார்க்கட்டும்.

என் தீர்ப்பு: சோதனையும் புஷ் வேலையும் உங்களுடையது, ஸ்பிரிங் பட்டறையுடையது. ஷாக் வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்தே வாங்குங்கள். டை ராடு எண்டையோ ஸ்ட்ரட்டையோ தொட்டிருந்தால் நேராக வீல் அலைன்மென்ட்டுக்கு விடுங்கள். இல்லாவிட்டால் டயர் ஓரம் தேய்ந்து, மிச்சம் பிடித்த லேபர் அதிலேயே போய்விடும்.