உரையாசிரியரும் நீதியரசரும்

திருக்குறளுக்கு உரை காணப் புகுந்த பரிமேலழகர், அறம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து மனுவைத் துணைக்கழைத்தார். வள்ளுவரோ மனுவின் பெயரை ஓரிடத்திலும் கூறினாரல்லர். உரை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டே நூலுக்குள் வேறொரு நூலை நுழைத்துவிட்டார் என்று நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக வாதாடி வருகின்றோம். நீதிபதிகளைப் பற்றிய வினாவும் இத்தகையதே. அவர்கள் அரசியல் யாப்புக்குப் பொருள் கூறுகின்றனரா, தாமே சட்டம் ஆக்குகின்றனரா? ஒரு வேறுபாடு உண்டு. பரிமேலழகரை ஏற்காத மாணவன் மணக்குடவரைப் படிக்கலாம். இறுதி நீதிமன்றத்தின் உரையை ஏற்காதவனுக்கு மாற்றுரை கிடையாது.

சட்டம் ஆக்குவது பாராளுமன்றம், சொற்பொருள் காண்பதே நீதிமன்றம் என்பது சட்டம் பயின்றோர் கூறும் எளிய விடை. அதனை நம் நாட்டு வழக்குகளிலேயே உரைத்துப் பார்ப்போம்.

ஒரு சமூகத்தார்க்கோ சமயத்தார்க்கோ ஏனையோர்க்கில்லாத தடைகளை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ, இங்கேயே பிறந்த ஒருவனிடமும் அவன் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிரசையல்லாதாரின் வாக்குரிமையை 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் நீக்கிற்று. 1947இல் வாக்களித்த மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் 1952இல் வாக்கற்றவராயினர்.

கொடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர்பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. சொற்களுக்குப் புறம்பான நிலைமைகளை ஆராய இடமில்லை என்பது காரணம். 1953இல் பிரிவிக் கவுன்சில் சற்று நெகிழ்ந்தது. நேராகச் செய்யலாகாததைச் சுற்றுவழியாற் செய்யும் சட்டமும் செல்லாதாகலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அத்தகைய நோக்கம் இங்கு நிறுவப்படவில்லை, இந்திய, பாகிஸ்தானியருக்கென 1949இல் இயற்றிய பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறதே என்றது. அவ்வழியே சென்றோர் என்னவாயினர்? ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் எஞ்சியோரைக் கணக்கிட்டுப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள!

இனி மற்றொரு வழக்கு. 1962 சனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது முன்னே நடந்த செயலுக்குப் பின்னே தண்டனை வகுத்தது. சாட்சிய விதிகளையும் மாற்றிற்று. 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் அவர்களை விடுவித்தது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது, அதிற் பாராளுமன்றம் கைவைத்துவிட்டது என்பது தீர்ப்பு. யாப்பிலே அவ்வாறு கூறும் வாசகம் ஒன்றேனும் இல்லை! யாப்பின் அமைப்பிலிருந்தும் பழைய நீதிமரபிலிருந்தும் அதனை அனுமானித்தனர். இச்சட்டம் யாரைக் குறிவைத்தது என்றறியச் சொற்களுக்குப் புறம்பான நிலைமையையும் நோக்கினர்.

அத்தீர்ப்பை நான் பழிக்கவில்லை. அந்த அதிகாரிகள் நமக்கு நண்பரல்லர். ஆயினும் பெயர் பார்த்து எழுதப்படும் சட்டம் அடுத்தமுறை வேலைநிறுத்தத் தலைவர்மீதே பாயும். நான் கேட்பது வேறு. எழுதியிருந்த காப்பு 1953இல் மங்கியது ஏன்? எழுதாதிருந்த காப்பு 1965இல் ஒளிவிட்டது ஏன்? பிரபுக்கள் கூடிச் சதிசெய்தனர் என்பார் நம்மவருட் சிலர். அது சோம்பல் விளக்கம். சிறைக்குப் போகும் அதிகாரி நீதிபதியின் கண்ணுக்கு ஒரு தனிமனிதன். லயன் காம்பராவில் இருப்பவளோ புள்ளிவிபரம். பொருள் கொள்ளுதல் அங்கே தொடங்குகிறது.

மூன்றாவது வழி வாய் திறவாமை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கில், அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று மாவட்ட நீதிபதி 1964இல் தீர்த்தார். சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட அரச ஊழியருக்கு உரிமையில்லை என்று 1967இல் உயர் நீதிமன்றம் அவ்வினாவைத் தாண்டிச் சென்றது. உரிமை உண்டு என்றது 1969இல் பிரிவிக் கவுன்சில். மொழிச் சட்டத்தைப் பற்றிய வினாவை மட்டும் இலங்கைக்கே திருப்பியனுப்பிற்று. விடை வரவேயில்லை. அத்தனை ஆண்டுகளும் மொழிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பொருள்கூற மறுத்தலும் சட்டம் ஆக்குதலே.

மக்கள் தெரிந்தெடாத நீதிபதி, மக்கள் தெரிந்தெடுத்த மன்றை மறிப்பதா என்பது இடதுசாரிகளின் பழைய கேள்வி, நியாயமான கேள்வியுங்கூட. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய கொல்வின் ஆர். டி சில்வாவே 1972ஆம் ஆண்டு யாப்பை வரைந்த அமைச்சர். அவ்யாப்பிலே 29ஆம் பிரிவு இல்லை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் வினவும் வழியும் அடைக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 80ஆம் உறுப்புரையும் அவ்விலக்கைத் தொடர்கிறது. சட்டமூலமாய் இருக்கும் சில நாட்களுக்குள்ளேயே ஆட்சேபிக்கலாம்; சபாநாயகர் சான்றுரைத்தபின் இல்லை. கொடக்கன் பிள்ளை தோற்ற அவ்வழக்கை இன்று ஒருவர் தொடுக்கவே இயலாது.