உடலசைவு மொழியாகுமா?

‘உடல்மொழி’ என்னும் சொல்லாட்சி தமிழில் வேரூன்றிவிட்டது. ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பாகிய இது, அசைவுகளுக்கும் அகராதி உண்டு, அதைக் கற்றால் எவர் மனத்தையும் அறியலாம் என்னும் எண்ணத்தையும் உடன்கொண்டு வந்துள்ளது. கருத்துணர்த்தலில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகக்குறிப்பின் பங்கு 55 என்னும் கணக்கு தன்னம்பிக்கை நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இவ்வெண்கள் ஆல்பர்ட் மெராபியன் 1967இல் பிறருடன் இணைந்து வெளியிட்ட இரு சோதனைகளிலிருந்து பெறப்பட்டவை. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் கேட்பித்தும், முகப்படங்களைக் காட்டியும், பேசுபவரின் விருப்பு வெறுப்பு எவ்வாறு உணரப்படுகிறது என்பதே அங்கு ஆராயப்பட்டது. உணர்வும் மனப்பான்மையும் பேசுபொருளாகாத இடத்தில் இக்கணக்குப் பொருந்தாது என மெராபியனே தெளிவுபடுத்தியுள்ளார். அவ்வரையறையை விடுத்து எண்ணை மட்டும் எடுத்தாள்வது ஆய்வு நெறியன்று.

சைகையின் பொருள் சைகைக்குள் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பு நல்ல சான்றாகும். 1885இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் ஆராய்ந்த அப்துல்லா வழக்கில், கழுத்து அறுபட்டுப் பேச இயலாத, ஆனால் நினைவு தெளிந்திருந்த ஒரு பெண்ணிடம் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. அவர் கையசைவால் மறுத்தும் ஏற்றும் விடையளித்தார். பின்னர் இறந்தார். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்தவரின் கூற்று எழுத்திலோ ‘வெர்பல்’ ஆகவோ இருக்கலாம் என்றது. கையசைவு அவ்வாறு ஆகுமா? தலைமை நீதிபதி பெதரம், ‘ஓரல்’ என்பது வாயாற் கூறுவது, ‘வெர்பல்’ அதனினும் விரிந்தது என வேறுபடுத்தினார். கேள்வியின் சொற்களைச் சைகை தனதாக்கிக் கொள்கிறது. இரண்டும் சேர்ந்தே கூற்றாகின்றன. இலங்கையிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற சந்திரசேகர வழக்கிலும் பேச இயலாத பெண்ணொருத்தியின் தலையசைப்பு இக்கோட்பாட்டின்படியே ஏற்கப்பட்டது.

கேள்வியை நீக்கிவிட்டு, ‘அப்துல்லாவே வெட்டினான் என்றாள்’ என ஓர் எழுத்தர் பதிந்திருந்தால், ஆயத்தின் முன் சான்று இராது. எழுத்தரின் முடிவு மட்டுமே இருந்திருக்கும். நம் மொழிபெயர்ப்புகளில் இப்பிழை அன்றாடம் நிகழ்கிறது. ‘தலையாட்டினான்’ என்பது உடன்பாடா, மறுப்பா, கேட்டுக்கொண்டிருப்பதன் அடையாளமா? தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தாட்டுவது நம் நாட்டின் பல பகுதிகளில் இசைவைக் குறிக்கும்; ஆங்கில வாசகர் அதை மறுப்பாகக் கொள்ளக்கூடும். ‘நாட்’ என்றால் அசைவு திரிகிறது. ‘ஷேக்’ என்றால் பொருள் திரிகிறது. ‘ஒப்புக்கொண்டான்’ என்று விளக்கிவிடுவதே மிகப் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் மூலத்தில் பாத்திரம் பிடிகொடாமல் நழுவியிருந்தால் அதுவே பெருந்தவறு. எக்மனும் ஃபிரீசனும் 1969இல் வகுத்த ஐந்து வகைகளுள் சொல்லுக்கு நிகராக நிற்பது குறியீட்டுச் சைகை ஒன்றே. ஏனையவற்றுக்கு அகராதி தேடுவது வீண்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்வகையில் இன்றைய கையேடுகளைவிட எச்சரிக்கையானது எனலாம். அது செய்யுளுக்குக் கூறியதே, உளவியலுக்கன்று. எனினும் எட்டு மெய்ப்பாட்டுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. நகை எள்ளலாலும் பிறக்கும், பேதைமையாலும் பிறக்கும். சிரிப்பைக் கண்டவுடன் காரணம் அறிந்ததாகாது.

‘உடல்மொழி’ என்னும் சொல்லால் இன்னொரு கேடும் உண்டு. காதுகேளாதோரின் இந்தியச் சைகை மொழி இலக்கணம் உடைய முழுமையான மொழி. அதனையும் கைகட்டி நிற்பதையும் ஒரே பெயரின்கீழ் வைப்பது மொழியியலாளர் பொறுக்கத்தக்கதன்று. பேச இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவ வேண்டும், அவர் கூற்று காணொளியாகவும் பதியப்பட வேண்டும் என்பது 2013இல் சேர்க்கப்பட்ட விதி. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அங்கு வந்து நிற்கும் மொழிபெயர்ப்பாளர், தம்முன் இருப்பது மொழியா, மொழியைச் சார்ந்த அசைவா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டாவதாயின், கேட்கப்பட்ட கேள்வியையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாக வேண்டும்.