டாவின்சி காட்டும் புதூர்நாட்டுப் பச்சை

சாமைக் கதிர் முற்றும் பருவத்தில் ஜவ்வாது மலையின் புதூர்நாட்டுக் கொல்லைகளில் நாலைந்து பச்சைகளை ஒன்றாகப் பார்க்கலாம். சாமையில் மஞ்சள் ஏறிய பச்சை, வரப்போரப் புளியமரத்தில் கரும்பச்சை, அதற்கு அப்பால் மலைச்சரிவில் நீலமோடிய பச்சை. கேமராவோ எல்லாவற்றையும் ஒரே களிம்பாகப் பதிந்துவிடும். அந்தப் பச்சைகளைத் திரும்பவும் தனித்தனியே பிரித்துக் கையில் கொடுக்கிறது டாவின்சி ரிசால்வ். எடிட்டிங் வேலையை வேறொரு மென்பொருளில் செய்துகொண்டிருந்தவன் நான். இதற்கு மாறிய பிறகு ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே மனம் வருவதில்லை!

முதலில் என்னை இந்தப் பக்கம் தள்ளியது சிக்னல்தான். மாத வாடகைக்கு ஓடும் மென்பொருள் அவ்வப்போது இணையத்துக்குப் போய்க் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வரும். ஜவ்வாது மலையில் மழைக்கு டவர் படுத்துவிட்டால் அதற்காகவே வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் இறங்க வேண்டும். கல்யாண வீட்டாரோ மறுவீட்டுக்குள் வீடியோ வேண்டும் என்பார்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பை ஒருமுறை இறக்கிப் போட்டால் போதும், அதன்பின் இணையத்தைத் தேடாது. மாதக் கட்டணம் இல்லை, காலக்கெடு இல்லை. இலவசக் கருவிகளோடு நின்றால் வாட்டர்மார்க்கும் விழாது. அல்ட்ரா எச்டியில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். ஊர்க் கல்யாணத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இதன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. டாவின்சி நிறுவனம் 1984-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கியது. அதன் கலர் கரெக்ஷன் கருவிகள் பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். ரிசால்வ் வந்த புதிதில் ஒரு அமைப்பின் விலையே லட்சக்கணக்கான டாலர். 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே மேக் கணினிக்கான பதிப்பை 995 டாலருக்குக் கொடுத்தது. 2011-இல் இலவசப் பதிப்பும் வந்துவிட்டது. ஹாலிவுட் வண்ணக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அதே கருவி இன்று மலைமேல் என் மேசையில் இருக்கிறது. இதைச் சொல்லும்போதே குரல் உயர்ந்துவிடுகிறது, என்ன செய்ய!

கலர் பக்கத்தைப் பற்றி நான் விடிய விடியப் பேசுவேன். அங்கே ஒவ்வொரு திருத்தமும் நோட் எனும் தனிக் கட்டத்தில் உட்காரும். வெளிச்சத்துக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, சாமைக்கு ஒன்று என்று கோத்துக்கொண்டே போகலாம். ஒன்று பிடிக்கவில்லையா, அதை மட்டும் அணைத்துவிடலாம். மற்றவை அப்படியே நிற்கும். குவாலிஃபயரால் சாமையின் பச்சையைத் தொட்டால் அந்தப் பச்சை மட்டும் பிடிபடும், பக்கத்துப் புளியமரத்துக்கு ஒரு சேதாரமும் இல்லை.

வெக்டர்ஸ்கோப் எனும் நிற வரைபடத்தில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். கருத்தவரோ சிவத்தவரோ, மனிதத் தோலின் சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். தோலுக்கடியில் எல்லோருக்கும் ஓடுவது ஒரே ரத்தம். மெலனின் கூடக்குறைய மாறுவது பெரும்பாலும் அடர்த்திதான். அப்படியிருக்க, கல்யாண வீடியோ என்றாலே மணப்பெண் முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கிற வழக்கம் எதற்கு? எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. இப்போது எங்கள் மலைப் பெண்களின் கருமையை அந்தக் கோட்டில் நிறுத்தி, கன்னத்தின் மினுமினுப்பை மட்டும் லேசாகத் தூக்குகிறேன். ஒரு பெண்ணின் தாத்தா திரையைப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணு எங்க பொண்ணாவே இருக்குது, தம்பி" என்றார். அன்று எனக்குக் கிடைத்த கூலியில் பெரியது அதுதான்.

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை மூன்று கேமராவில் எடுத்து வந்து கொட்டினால், மிருதங்க அடியையும் பாட்டையும் ஒலியலையாகப் படித்து மூன்றையும் ரிசால்வ் தானே ஒன்றுசேர்த்துவிடுகிறது. பிறகு மல்டிகேமில் கூத்தாடியின் கிறுகிறுப்போடு சேர்ந்து நானும் கேமரா மாற்றிக்கொண்டே போவேன். மைக்கில் விழுந்த மலைக்காற்றின் உறுமலை ஃபேர்லைட் பக்கத்தில் தாழ்ந்த ஒலிகளை வெட்டிக் குறைக்கலாம். ஃபேர்லைட் என்பது 1979-இல் சிந்தசைசர் கொண்டுவந்து இசையுலகை அசத்திய சிட்னி நிறுவனத்தின் பெயர். 2016-இல் அதுவும் பிளாக்மேஜிக் கைக்கு வந்தது. வெட்டு, வண்ணம், ஒலி மூன்றுக்கும் ஒரே மென்பொருள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு அலையும் வேலையே போயிற்று.

மாறுவதற்குத் தயங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய டைம்லைனை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து இதில் திறக்கலாம். வெட்டுகள் வந்துவிடும், எஃபெக்ட்டும் டைட்டிலும் பெரும்பாலும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கீபோர்டில் பழைய மென்பொருளின் ஷார்ட்கட் அமைப்பையே தேர்ந்துகொள்ளலாம், விரல் தடுமாறாது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இறங்க வேண்டாம். இது அதைத்தான் பிழிந்து வேலை வாங்கும். கணினி திணறினால் பிராக்ஸி எனும் இலகுவான நகல் போட்டு வெட்டுங்கள்.

அடுத்து எனக்கு ஸ்டுடியோ பதிப்பு வேண்டும். 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும். படத்தின் புள்ளியிரைச்சலை நீக்கும் கருவி அதில்தான் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் எடுத்த கூத்துப் பதிவுகள் ஹார்ட் டிஸ்க்கில் குவிந்து கிடக்கின்றன. ஸ்டுடியோ வந்ததும் முதலில் கை வைக்கப்போவது திரௌபதி அம்மன் திருவிழா ராத்திரியில்தான்.