முறைமாற்றும் அழுத்தமும்: உயர்நிலை ஆங்கில இலக்கணப் பாடம் குறித்து ஒரு மதிப்பீடு

உயர்நிலை ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்களில் முறைமாற்றும் அழுத்தமும் பெரும்பாலும் ஒரே இயலில் வைத்து உரைக்கப்படுகின்றன. எழுவாய்க்குப் பின் நிற்க வேண்டிய துணைவினை எழுவாய்க்கு முன் வந்து நிற்பது முறைமாற்று. அவ்வாறு நிற்பது அழுத்தத்தின்பொருட்டே என்பது அவ்வியல்கள் எடுத்துக்கொள்ளும் துணிபு. ‘ஐ ஹேவ் நெவர் சீன் சச் அ திங்’ என்னும் வாக்கியத்தை முதலில் தந்து, ‘நெவர்’ என்னும் சொல்லால் தொடங்கி மாற்றி எழுதுமாறு பணிப்பர். மாணவர் ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் அ திங்’ என எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு யாது என வினவினால், பின்னது அழுத்தமுடையது என்ற ஒற்றை விடையே கிடைக்கின்றது.

இவ்விடை போதாது என்பதும், சில இடங்களில் பிழையானது என்பதும் எமது கருத்து. இஃது ஆங்கில ஆசிரியர்க்குரிய செய்தி. தமிழ்த்துறை இதழில் இதற்கு என்ன வேலை எனக் கேட்கலாம். நம் மாணவர் காலையில் ஆங்கில வகுப்பில் கற்ற ‘அழுத்தம்’ என்னும் கருத்தைப் பிற்பகலில் தமிழ் வகுப்பிற்கும், பின்னர் மொழிபெயர்ப்புத் தாளுக்கும் எடுத்து வருகின்றனர். அங்கு அவர்தம் வாக்கியம் தடுமாறும்போது அதனைத் திருத்த வேண்டியவர்கள் நாமே.

முன்னகர்வும் முறைமாற்றும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மேற்காட்டிய வாக்கியத்தில் நிகழ்ந்தவை இரண்டு. ‘நெவர்’ என்னும் எதிர்மறைச் சொல் வாக்கியத் தலைப்பிற்கு நகர்ந்தது; அதன் விளைவாகத் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்வந்தது. முதலாவது எழுதுவோனின் விருப்பம். இரண்டாவதில் அவனுக்கு உரிமையே இல்லை. ‘நெவர் ஐ ஹேவ் சீன்’ எனப் பொதுமை ஆங்கிலத்தில் எழுத இயலாது. ஆகவே அழுத்தத்தைத் தருவது முன்னகர்வே. முறைமாற்று அம்முன்னகர்வுக்கு இலக்கணம் கேட்கும் கட்டாய விலை. ‘தட் புக் ஐ ஹேவ் ரெட்’ என்னும் வாக்கியத்தில் செயப்படுபொருள் முன்னகர்ந்து தனித்துக் காட்டப்படுகின்றது. ஆயினும் முறைமாற்று இல்லை. அழுத்தத்திற்கு முறைமாற்று இன்றியமையாதது அன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இக்கட்டாயம் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் முதன்மை வாக்கியத்தின் தலைப்பில் வினையடை போன்ற பிறிதொரு கூறு நிற்பின், வினை பெரும்பாலும் இரண்டாமிடத்திற்கு வந்து எழுவாயை மூன்றாமிடத்திற்குத் தள்ளியது. இன்றைய செருமானியமும் டச்சும் இவ்வியல்பை முறையாகப் போற்றி வருகின்றன. ஆங்கிலம் இடைக்காலத்தில் இதனைப் படிப்படியாகக் கைவிட்டது. எனினும் வினாவிலும், எதிர்மறை முன்னகர்விலும், வேறு சில இடங்களிலும் அது எஞ்சி நின்றது. துணைவினை இல்லாத வாக்கியத்தில் ‘டூ’ என்னும் வினையைக் கொணர்ந்து நிறுத்தும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. ஆக, அணிநயம் என நாம் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது ஒரு பழைய தொடரமைப்பின் எச்சமே. இவ்வரலாற்றை மேல்நிலை வகுப்பில் பத்து நிமிடங்களில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விடுவதால், முறைமாற்றைத் தாம் விரும்பியபோது தூவத்தக்க நறுமணப் பொருளாக மாணவர் எண்ணிக்கொள்கின்றனர்.

எட்வர்ட் கிளைமா 1964இல் வெளியிட்ட ஆங்கில எதிர்மறை பற்றிய ஆய்வு, முறைமாற்றை ஒரு சோதனைக் கருவியாகக் கொண்டது. எதிர்மறையின் ஆட்சி வாக்கியம் முழுவதும் பரவுகின்றதா அல்லது ஒரு தொடருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றதா என்பதை முறைமாற்று காட்டிக்கொடுக்கும். இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்து நோக்குவோம்: ‘வித் நோ ஹெல்ப் குட் ஹி ஃபினிஷ் த வொர்க்’, ‘வித் நோ ஹெல்ப், ஹி குட் ஃபினிஷ் த வொர்க்’. சொற்கள் ஒன்றே. துணைவினையின் இடமும், அதனோடு வரும் நிறுத்தமும் மட்டுமே வேறு. முன்னதன் பொருள், எந்த உதவி கிடைத்தாலும் அவனால் அவ்வேலையை முடிக்க முடியாது என்பது. பின்னதன் பொருள், உதவி எதுவும் இல்லாமலேயே அவனால் முடிக்க முடியும் என்பது. ஒன்று மறுக்கின்றது, மற்றொன்று உடன்படுகின்றது. இங்கு முறைமாற்றை அழுத்தம் என விளக்கும் ஆசிரியர், நேர்மாறான இரு பொருள்களையும் ஒரே பொருளின் மென்மை, வன்மை எனக் கற்பித்தவராகின்றார். ‘அட் நோ டைம்’ முறைமாற்றை வேண்டுவதும், ‘இன் நோ டைம்’ அதனை ஏற்காததும் இதே காரணத்தால்தான். முன்னது ‘ஒருபோதும் இல்லை’, பின்னது ‘நொடிப்பொழுதில்’. பின்னதிலுள்ள எதிர்மறை அத்தொடரைக் கடந்து வெளியே வருவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. ‘டவுன் கேம் த ரெயின்’ என்பதில் துணைவினை அன்று, முதன்மை வினையே எழுவாயைத் தாண்டுகின்றது. எழுவாய் பிரதிப்பெயரானால் ‘டவுன் இட் கேம்’ என்றே சொல்ல வேண்டும், வினை தாண்டாது. ஏன்? பிரதிப்பெயர் சுட்டுவது கேட்போன் முன்னரே அறிந்த பொருள். அறிந்ததை வாக்கிய இறுதியில், புதியது அமரும் இருக்கையில் அமர்த்துவதில் பயனில்லை. இவ்வகை முறைமாற்றைத் தனிநூலாக ஆராய்ந்த பெட்டி பர்னர் 1996இல் காட்டிய முடிவும் இதனோடு பொருந்துகின்றது: முன்வரும் கூறு, பின்வரும் கூற்றைக் காட்டிலும் உரையாடலுக்குப் புதியதாக இருத்தலாகாது. அதாவது, இங்கு எடுப்பு இறுதியில் விழுகின்றது. எதிர்மறை முன்னகர்விலோ எடுப்பு தலைப்பில் விழுகின்றது. எடுப்பு விழும் இடத்தால் எதிரெதிரான இவ்விரண்டையும் ஒரே பயிற்சியில் கலந்து கொடுப்பது எவ்வகையில் முறையாகும்?

‘ஹேட் ஐ நோன்’ என்பது போன்ற நிபந்தனை முறைமாற்றில் எடுப்பு இல்லை. எழுத்துநடையின் இறுக்கம் மட்டுமே உண்டு. ‘சோ டூ ஐ’ என்பதும் அத்தகையதே. குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும், ஹடல்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு இலக்கணமும் இவ்வகைகளைப் பிரித்தே பேசுகின்றன. பயிற்சி நூல்களே அவற்றை ஒன்றாக்கிவிட்டன. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் வாக்கியங்களை இணைத்தும் மாற்றியும் எழுதும் பகுதி இடம்பெற்று வந்துள்ளதனால், ‘நோ சூனர்’, ‘நாட் ஒன்லி’ முதலிய தொடக்கங்கள் பன்னிரண்டு வயதிலேயே மனப்பாடமாகிவிடுகின்றன. அவ்வயதினர்க்கு வாய்பாடு பயன்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரும் அவ்வாய்பாடே எஞ்சியிருப்பதுதான் குறை.

தமிழில் எடுப்பு வாழும் இடம்

தமிழில் இதற்கு நிகர் யாது எனத் தேடுவோர் சிலர் பொருள்கோளை நாடக்கூடும். மொழிமாற்று என்னும் பெயரே மயக்கம் தருவது. ஆனால் பொருள்கோள் செய்யுளைப் பொருள்கொள்ளும் முறை. மொழிமாற்றில் சொற்களைப் பொருளுக்கேற்ற இடங்களுக்கு மாற்றிக்கொண்டாலன்றிப் பொருள் விளங்காது. ஆங்கில முறைமாற்றிலோ எதனையும் இடம் மாற்றிப் படிக்க வேண்டியதில்லை. நின்ற நிலையிலேயே அது பொருள் தருகின்றது. பெயரொப்புமை கருதி இரண்டையும் இணைப்பது பயன்தராது.

நிகர் வேறிடத்தில் இருக்கின்றது. தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் வகுத்தார். இவற்றுள் தேற்றமும் பிரிநிலையுமே நாம் இங்குத் தேடுபவை. ‘நெவர் ஹேவ் ஐ சீன்’ என்பதைத் தமிழாக்கும் மாணவர் பலர் ‘ஒருபோதும் நான் இத்தகைய ஒன்றைக் கண்டதில்லை’ என எழுதுவர். பிழையென்று தள்ள இயலாது. ஆயினும் ஆங்கிலச் சொல்நிலை அதில் அப்படியே தெரிகின்றது. ‘இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை’ என்பது தமிழ். வினையாலாகிய பெயருக்கும் எதிர்மறைக்கும் நடுவே புகுந்த ஓர் ஏகாரம், ஆங்கிலத்தில் ஒரு சொல்லை வாக்கியத்தின் நடுப்பகுதியிலிருந்து தலைப்பிற்குக் கொணர்ந்து செய்த வேலையைச் செய்து முடிக்கின்றது. ‘வரவே மாட்டான்’ என்பதும் அவ்வாறே.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. ‘நோபடி’, ‘நத்திங்’ போன்ற எதிர்மறைப் பெயர்கள் தமிழில் இல்லை. ‘ஒருவரும்’, ‘எதுவும்’ என்பன உம்மை பெற்ற பெயர்களே. எதிர்மறை வினையில் உறைகின்றது, வினை இறுதியில் நிற்கின்றது. முன்னகர்த்தத்தக்க எதிர்மறைச் சொல் தனியே இல்லாத மொழியில் எதிர்மறை முறைமாற்று தோன்ற வழியில்லை. அதனால் தமிழ் எடுப்பில் குறைந்ததாகிவிடவில்லை. ‘நோ சூனர் ஹேட் ஹி சேட் டவுன் தேன் த பெல் ரேங்’ என்பதற்கு ‘அவன் உட்கார்ந்ததுமே மணி அடித்தது’ எனலாம். ‘உட்கார்ந்தானோ இல்லையோ, மணி அடித்தது’ எனில் இன்னும் சிறப்பு. ஆங்கிலத்து எதிர்மறையின் சாயலும் அதில் வந்துவிடுகின்றது. ‘லிட்டில் டிட் ஹி நோ’ என்பதைச் ‘சிறிதளவு அவன் அறிந்திருந்தான்’ எனப் பெயர்ப்பவர் ‘லிட்டில்’ முன்னகர்ந்து முறைமாற்றை ஏற்படுத்தியிருப்பதைக் காணத் தவறியவர். அம்முறைமாற்றே அச்சொல் எதிர்மறைப் பொருளது என்பதற்குச் சான்று. ‘அவன் சற்றும் அறியவில்லை’ என்பதே அதன் பொருள்.

மலேசிய மாணவர்க்கு மூன்றாவதொரு சான்றும் கைவசம் உள்ளது. மலாய் இலக்கணம் பயனிலை முன்வரும் அமைப்பைச் ‘சூசுனான் சொங்சாங்’ எனத் தனியே பெயரிட்டுக் கற்பிக்கின்றது. ‘டியாலா யாங் மெம்பலி புக்கு இத்து’ என்பதில் ‘லா’ என்னும் ஒட்டு செய்யும் வேலையும், ‘அவன்தான் அந்தப் புத்தகத்தை வாங்கியவன்’ என்பதில் ‘தான்’ செய்யும் வேலையும் பெரிதும் ஒத்தவை. இடைச்சொல் ஒட்டிய கூற்றில் எடுப்பு விழும் என்பதை மலாய் வழியாக விளக்கினால் நம் மாணவர்க்கு விரைவில் பிடிபடும். மும்மொழிச் சூழல் நமக்குச் சுமை மட்டுமே என எண்ணுவோர் இதனைக் கருதலாம்.

வினையை முன்னிறுத்தும் வழக்கம் தமிழிலும் உண்டு. ‘வந்தார் தலைவர், எழுந்தது ஆரவாரம்’ என்பது மேடைத்தமிழ். இதில் புதியதாக அறிமுகமாவது இறுதியில் நிற்கும் எழுவாய். எனவே இதனை ‘டவுன் கேம் த ரெயின்’ என்பதோடு ஒப்பிடலாமேயன்றி, ‘நெவர் ஹேவ் ஐ’ என்பதோடு ஒப்பிடலாகாது. இது நிற்க, இக்காலச் செய்தித்தமிழ் எடுப்பிற்கென வேறொரு கருவியைக் கண்டெடுத்துள்ளது: வாக்கிய இறுதியில் ‘என்பது குறிப்பிடத்தக்கது’. ஒரு பக்கத்தில் ஆறு செய்திகள் குறிப்பிடத்தக்கனவானால், குறிப்பிடத்தகாதது எது என்பது விளங்கவில்லை.

இடைச்சொல்லின் இடம் தவறினால்

‘ஒன்லி இன் அன் எமர்ஜென்சி மே திஸ் டோர் பி ஓபன்ட்’ என்பது கட்டடங்களில் இடத்தக்க ஓர் அறிவிப்பு. ‘ஒன்லி’ பற்றிய தொடர் முன்வந்ததால் துணைவினை எழுவாயைத் தாண்டியுள்ளது. ‘ஒன்லி’ எதனைப் பற்றுகின்றது என்பதை ஆங்கிலத்தில் அவ்வமைப்பே காட்டிவிடுகின்றது. தமிழில் அப்பொறுப்பு முழுவதும் ‘மட்டுமே’ என்னும் சொல் நிற்கும் இடத்தைச் சார்ந்தது. ‘அவசர வேளையில் மட்டுமே இக்கதவைத் திறக்கலாம்’ என்பது சரியான தமிழாக்கம். ‘அவசர வேளையில் இக்கதவை மட்டுமே திறக்கலாம்’ என எழுதினால், அவசர வேளையில் பிற கதவுகளைத் திறத்தல் ஆகாது என்றாகிவிடும். அமைதியான வேளையில் இதே கதவைத் திறக்கலாமா என்பது பற்றி அறிவிப்பு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மொழிகளில் அறிவிப்புகள் எழுதப்படும் நாட்டில் இஃது ஏட்டுச் சிக்கல் அன்று.

இத்தகைய விடையைத் திருத்தும் ஆசிரியர் பலர் ‘சொல்நிலை பிழை’ எனக் குறித்து அரை மதிப்பெண் குறைப்பர். எமது பார்வையில் இது பொருட்பிழை. முழு மதிப்பெண்ணும் போக வேண்டிய இடம். மாற்றாக, ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து ‘நெவரால் தொடங்குக’ எனக் கேட்பதற்குப் பதில், ‘மட்டுமே’, ‘தான்’, ஏகாரம் ஆகியவற்றுள் ஒன்றை ஒரே தமிழ் வாக்கியத்தின் மூன்று இடங்களில் வைத்து, மூன்றிற்கும் உரிய ஆங்கில வாக்கியங்களை எழுதச் சொல்லலாம். ‘கண்ணன்தான் நேற்று வந்தான்’, ‘கண்ணன் நேற்றுத்தான் வந்தான்’, ‘கண்ணன் நேற்று வரத்தான் செய்தான்’ என்னும் மூன்றையும் ஆங்கிலப்படுத்த முயலும் மாணவர், முதலிரண்டிற்கும் ‘இட் வாஸ்’ எனத் தொடங்கும் பிளவு வாக்கியம் உதவுவதையும், மூன்றாவதற்கு ‘டிட் கம்’ என ‘டூ’ வினையை நாட வேண்டியிருப்பதையும் தாமே கண்டுகொள்வர். ‘நேற்றுத்தான்’ என்பதற்கு ‘நேற்றே அன்றி வேறு நாளில் அன்று’, ‘நேற்றுவரை வரவில்லை’ என இருபொருள் உண்டு. பிளவு வாக்கியம் முதற்பொருளுக்கே பொருந்தும். இரண்டாம் பொருளுக்கு ‘நாட் அன்டில் எஸ்டர்டே டிட் கண்ணன் கம்’ என முறைமாற்று வாக்கியமே வந்து நிற்கும்.