முகாம்: உருவகமும் ஆகுபெயரும்

நமது விமர்சனக் கட்டுரைகளில் 'முகாம்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. 1960களில் ஈழத்து எழுத்தாளர்கள் முற்போக்கு, நற்போக்கு எனப் பிரிந்து நின்றதைப் பேசும்போதும் இரு முகாம்கள் என்றே எழுதிவிடுகிறோம். படைவீடு தந்த உருவகம் இது. புத்தளத்து வாசகர் மனத்தில் இச்சொல் எதை எழுப்பும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

ஆங்கிலக் 'கேம்ப்'பின் வேர், வெளி நிலத்தைக் குறித்த லத்தீன் சொல். ரோமாபுரியில் போர்த்தெய்வம் மார்ஸின் பெயரால் அமைந்த வெளியில் படைப்பயிற்சி நடந்தது. நிலத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் படை தங்குமிடத்துக்கும், பின்னர் ஒரே கருத்துடையோர் கூட்டத்துக்கும் ஆயிற்று. நமது 'முகாம்' வந்த வழி வேறு. தங்குமிடம் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. சுற்றுப்பயணம் போன அதிகாரி, தாம் தங்கிய ஊரைக் கடிதத் தலைப்பில் 'முகாம்' என்று குறித்தார். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நின்றபோது அதன் சுமை முழுவதும் இதன் தலையில் ஏறியது. இராணுவமும் முகாம், இரத்ததானமும் முகாம், அகதியும் முகாம்.

பழந்தமிழில் படை தங்குமிடம் பாசறை. முல்லைப்பாட்டில் மன்னன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். தலைவி வீட்டில் அவன் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். காத்திருக்கும் வீடு ஒன்று இருப்பதனாலேயே பாசறை தற்காலிகமாகிறது. எங்கள் உடப்புக் கரையோரத்து 'வாடி'யும் இத்தகையதே. பருவம் முடிந்தால் மீனவன் வாடியை விட்டு வீடு திரும்புவான். இவ்வுலகை வழிப்போக்கன் தங்குமிடமாகக் காணும் நமது கவிஞர்களும் போய்ச்சேர வேண்டிய வீடொன்றை நம்பியே அவ்வாறு பாடுகிறார்கள்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அங்கே காத்திருக்கும் வீடு இல்லை. வீட்டார் அனைவருமே முகாமில். திரும்பும் நாளும் தெரியாது. பருவம் ஒன்றல்ல, இருபது ஆண்டுகள் கழிந்தன. தற்காலிகம் என்ற பொருளே சொல்லிலிருந்து உதிர்ந்துபோயிற்று.

இன்னொன்றும் நடந்தது. இலக்கணத்தில் இடவாகுபெயர் படிப்பிக்கும்போது 'ஊர் சிரித்தது' என்று உதாரணம் காட்டுகிறோம். இடத்தின் பெயர் அங்குள்ளாருக்கு ஆகிவருவது அது. என் மாணவப் பருவத்தில் என் காதில் விழுந்த 'காம்ப் பிள்ளையள்' என்பதிலும் இடத்தின் பெயர்தான் ஆளின்மேல் ஏறிநிற்கிறது. ஊர் சிரித்தால் ஒருவருக்கும் நோகாது. காம்ப் என்று அழைக்கப்பட்ட பிள்ளைக்கு நொந்தது. கொட்டில் போய்க் கல்வீடு வந்த பின்னரும் பெயர் போகவில்லை. உருவகத்தை எழுதுபவர் தாமே தேர்ந்தெடுக்கிறார். இந்த ஆகுபெயரைச் சுமந்தவர்களோ அதைக் கேட்டு வாங்கவில்லை.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இச்சொல்லின் இரு பொருள்களும் ஒன்றையொன்று சந்தித்தன. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான தமிழ் மக்கள் முட்கம்பிக்குள்ளே, காவலுக்கு இராணுவம். அரசு அதனை 'நலன்புரிக் கிராமம்' என்றது. அகதி முகாமா, இராணுவ முகாமா என்று பிரித்துக் கூற முடியாத இடத்துக்கு அழகான மூன்றாவது பெயர். 2012 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது.

இச்சொல்லை விலக்கிவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். நேர்ப்பொருள் தொலைவில் இருந்தால் உருவகம் சுதந்திரமாக உலாவலாம். நேர்ப்பொருள் அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும்போது அது அனுமதி கேட்டே நடக்க வேண்டும். இலக்கியச் சண்டைக்கு 'அணி' போதும். அதுவும் படையிலிருந்து வந்த சொல்தான், ஆயினும் எவரும் அதற்குள் பிள்ளை பெற்றதில்லை. 'முகாம்' என்று எழுதும் கவிஞரிடம் விமர்சகர் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கே? அவர்கள் இல்லையெனில், படிமம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது ஆளில்லாத கொட்டிலே.