சிறையில் எழுதிய கிதாபுகள்

'முராஜஆ' என்னும் அரபுச் சொல் 'ரஜஅ', அதாவது திரும்பினான், என்னும் வேரில் பிறந்தது. படித்த பாடத்தை மீண்டும் பார்ப்பதற்கும் அதுவே பெயர். எகிப்தில் ஆயுதமேந்தி நின்ற அல்-ஜமாஅத்துல் இஸ்லாமிய்யாவின் தலைவர்கள் சிறையிலிருந்து எழுதி, 2002இல் வெளியான நான்கு நூல்களை அந்நாட்டார் இச்சொல்லாலேயே சுட்டுகின்றனர். எழுதியோர் கரம் ஸுஹ்தீ, நாஜிஹ் இப்ராஹீம் முதலானோர்; 1981இல் அதிபர் சாதாத் கொலையையொட்டிச் சிறை புகுந்தவர்கள்.

கலிமாச் சொன்னவனைக் காஃபிர் என்று தீர்ப்பளிக்காதே, குற்றமற்றவர் குருதி ஹராம், தண்டிக்கும் அதிகாரம் தனி மனிதனுக்கில்லை: இவையே அந்நூல்களின் சாரம். இவற்றுள் நம் மதரசா மாணவன் அறியாதது எது? அரசாங்கச் சம்பளம் பெற்ற உலமாக்களும் இதையே ஓயாது சொன்னார்கள், இளைஞர்கள் செவிகொடுக்கவில்லை. தம்மோடு சிறை கிடந்தவர்கள் சொன்னபோது கேட்டார்கள். சொல்லுக்கு எடை சொன்னவரால் வந்தது.

அரசின் பங்கு யாது? 1997 ஜூலையில் இராணுவ நீதிமன்றக் கூண்டிலிருந்தே போர்நிறுத்த அறிக்கை வாசிக்கப்பட்டது. அரசு அதை ஐயத்தோடு ஒதுக்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் லக்ஸரில் 62 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுள் 58 பேர் வெளிநாட்டுப் பயணிகள். அதன் பின்னரே மெல்ல மனம் மாறிய அரசு, தலைவர்களைச் சிறைதோறும் அனுப்பித் தம் தோழர்களோடு பேச விட்டது. நூல்களை அச்சேற விட்டது. ஆண்டுகள் செல்ல, ஆயிரக்கணக்கானோரை விடுவித்தது. அந்த நூல்களுக்கு உயிர் கொடுத்தது, திறந்த அந்தக் கதவுதான் என்பேன். கதவு திறவாவிடில் அவை கைதியின் வாக்குமூலமாகவே நின்றிருக்கும்.

எனினும் எனக்கொரு மனக்குறை உண்டு. போர்நிறுத்தத்தை விளக்கும் நூல் பெரிதும் மஸ்லஹத்துக் கணக்கைச் சார்கிறது: இரத்தம் சிந்தியதால் நன்மை விளையவில்லை, தீமையே மிகுந்தது, ஆகவே நிறுத்தினோம். நாளை கணக்கு மாறினால்? விதவையின் கண்ணீர் எந்தப் பேரேட்டில் ஏறும்? பின்னாளில் கரம் ஸுஹ்தீ, சாதாத்தை ஷஹீது என்றே கூறினார். அந்த ஒரு சொல் நூலினும் பெரிது.

காரிஜிய்யாக்கள் ஹரூராவில் கூடியபோது அலீ (ரலி) அவர்கள் முதலில் அனுப்பியது படையையன்று, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை. பலர் திரும்பினர். திரும்பாதோரும் வாளெடுக்காதவரை, பள்ளிவாசலுக்கு வரத் தடையில்லை, பொதுநிதியில் அவர்தம் பங்கும் நிறுத்தப்படாது என்றார்கள் அலீ (ரலி). எகிப்தில் விடுதலை பெற்றவர்களோ காவலர் கண்காணிப்பில்தான் வீடு திரும்பினார்கள்.