இம்மியும் முந்திரியும்: சுருங்கிய பின்னத்தின் ஒருமை நோக்கில் ஒரு மதிப்பீடு

காரி நாயனாரின் கணக்கதிகாரம் குறித்து எழுதுவோர் பலர், முந்திரி, கீழ்முந்திரி, இம்மி என இறங்கும் அலகுகளின் சிறுமையையே தமிழரின் கணித நுட்பத்திற்குச் சான்றாகக் காட்டுவர். இம்மதிப்பீடு போதுமானதன்று. எப்பின்னத்தை இவ்வலகுகளால் மீதியின்றிக் கூற இயலும் என்பதே முதன்மையான வினா. அதற்கான விடை, சுருங்கிய பின்னம் ஒன்றே என்னும் தேற்றத்தைச் சார்ந்தது.

பள்ளிபாளையத்து விசைத்தறி ஒன்றில் 36, 48 பற்களுடைய சக்கர இணைக்கு மாற்றாக 30, 40 பற்களுடைய இணை பொருத்தப்படுவதாகக் கொள்வோம். சுழற்சி விகிதம் மாறாது; இரண்டும் 3/4 எனச் சுருங்கும். இனிச் சுருக்க இயலாதவரை வகுக்கலாம் என்னும் வகுப்பறை விளக்கம், சுருங்கிய வடிவம் உண்டு என்பதை மட்டுமே நிறுவுகிறது. எவ்வழியில் சுருக்கினும் அவ்வடிவம் ஒன்றே என்பதற்குத் தனி நிறுவல் வேண்டும்.

ப/க, ம/த என்னும் சுருங்கிய மிகைப் பின்னங்கள் சமம் எனில், பத = கம. ப, க ஆகியவற்றுக்கு 1 தவிரப் பொதுக் காரணி இன்மையால், பச + கந = 1 ஆகுமாறு ச, ந என்னும் முழுஎண்கள் உண்டு; 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் குட்டக முறை இத்தகு சமன்பாடுகளுக்கே தீர்வு காண்கிறது. இருபுறமும் த-ஆல் பெருக்க, பதச + கதந = த. பத = கம ஆதலின் இடப்பக்க உறுப்புகள் இரண்டும் க-ஆல் வகுபடும்; எனவே த-உம் வகுபடும். அவ்வாறே க, த-ஆல் வகுபடும். ஆகவே க = த, ப = ம.

இதிலிருந்து, சுருங்கிய பின்னம் ஒன்றை முந்திரியால் (1/320) கூற இயலுமெனில் அதன் பகுதி 320-ஐ வகுத்தல் வேண்டும் என்பது பெறப்படும். மாவும் (1/20) காணியும் (1/80) கூடிய மாகாணி (1/16) 20 முந்திரி. 320-இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே ஆதலால் 1/3 அதில் அடங்காது. கீழ்முந்திரி 1/1,02,400, இது 1/320-இன் வர்க்கமாதலின் அதிலும் அடங்காது. 320 மடங்கு சிறுமை இங்குப் பயன்படவில்லை.

வழக்கிலுள்ள வாய்பாட்டின்படி 21 இம்மி ஒரு கீழ்முந்திரி. 21 = 3 × 7 ஆதலால், 1/3 என்பது 7,16,800 இம்மி; 1/7 என்பது 3,07,200 இம்மி. அடுத்த அலகான மும்மி, இம்மியில் 11-இல் ஒரு பங்காகி 11 என்னும் காரணியைச் சேர்க்கிறது.

இது முன்னோர் கருதிச் செய்ததா என்பதை நூற்சான்றே முடிவு செய்யும். எண்களின் பொருத்தம் மட்டும் போதாது. எனினும், இம்மியை மதிப்பிடும் ஆய்வு அதன் சிறுமையோடு 21 என்னும் வகுப்பெண்ணையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.